ஸ்ரேசனை அளந்து வையுங்கோ

புலம்பெயர்ந்த எங்கட ஆட்கள் நாலு பேர் கூடினால் யாழ்தேவி வராமல் போகாது. வடை விற்ற பெடியன் வருவான், யன்னல் ஓரத்துச் சண்டை வரும், ஆனையிறவில் முகத்தில் அடித்த உப்புக் காற்று வரும், கொழும்புச் சொந்தக்காரருக்குக் கொண்டுபோன பனங்கட்டிக் குட்டான் வரும். எல்லாரும் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டுக் கடைசியில் பெருமூச்சு விடுவோம். அதற்கு நடுவில் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்: "எங்கட ஊர் ஸ்ரேசன் கட்டடம் எத்தனை அடி நீளம்? கதவு எத்தனை? கூரை எந்தப் பக்கம் சரிவு?"

ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இந்தக் கேள்வியை நான் விடுப்புக்குக் கேட்கவில்லை. இரண்டு பனிகாலமாகப் பார்சிப்பனியில் எங்கட வீட்டு நிலவறையில் இருந்து, கணினியில் வரைந்து லேசரில் வெட்டி, அந்தப் பழைய ஸ்ரேசனைச் சின்னதாகக் கட்டப் பார்க்கிறேன். கொக்குவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையில் இருந்த சின்ன ஸ்ரேசன்களில் ஒன்று. எது என்று ஊர்க்காரருக்கு விளங்கும். இந்த வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் எங்கட நினைவுகளைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உறுதியானது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் இந்த நாட்டில் இது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மாதிரி ரயில் என்பது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் இல்லை. ஓய்வு பெற்ற பொறியியலாளரும் தபால்காரரும் நிலவறை முழுக்கத் தண்டவாளம் போட்டு வைத்திருப்பார்கள். எங்கட பக்கத்து விப்பனியில் ஒரு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. யூனியனில் 1949 இல் தொடங்கிய மாதிரி ரயில் கழகம் இருக்கிறது. பிளெமிங்டனில் 1996 இல் திறந்த நோர்த்லான்ட்ஸ் என்ற இடத்துக்குப் போனால், ஒரு மனிதர் பலகையாலும் சாந்தாலும் கட்டிய மலைகளுக்கும் பாலங்களுக்கும் இடையில் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும்.

முந்தி இவர்கள் கட்டடங்களைக் கத்தியாலும் வாளாலும் வெட்டினார்கள். இப்போது லேசர். கணினியில் ஒவ்வொரு சுவரையும், தீப்பெட்டியைப் பிரித்து மேசையில் விரித்தது மாதிரி, தட்டையாக வரைய வேண்டும். மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தப் பல் வைக்க வேண்டும். இயந்திரம் கோட்டின் நிறத்தைப் பார்த்து இது வெட்டு, இது மேற்கீறல், இது செதுக்கல் என்று பிரித்து வேலை செய்யும். யன்னல் ஓட்டைகளை முதலிலும் வெளிக்கோட்டைக் கடைசியிலும் வெட்டக் கொடுக்க வேண்டும். வெளிக்கோடு முதலில் வெட்டுப்பட்டால் துண்டு கழன்று அசைந்துவிடும், பிறகு யன்னல் எல்லாம் கோணல்தான்.

பகலில் நான் அலுவலகக் கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் வரைகிறவன். ஆட்டோகாட் எனக்குச் சோறு போடுகிற சாமான். அதனால் வரைவது எனக்குப் பெரிய வித்தை இல்லை. லேசரும் பெரிய செலவு இல்லை. சில பொது நூலகங்களிலேயே வைத்திருக்கிறார்கள், மெல்லிய பிளைவூட் தாள் சில டொலர்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இயந்திரங்களுக்குள் இருக்கும் காபனீரொட்சைட்டு லேசர் 1964 இல் பிறந்தது, எங்கட வீட்டிலிருந்து அரை மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் மரே ஹில்லில், பெல் ஆய்வுகூடத்தில். கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல்.

ஆக, இயந்திரம் இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது, கையும் பழகிய கை. இல்லாதது ஒன்றே ஒன்று. அளவு.

எதிர்வீட்டு அமெரிக்கக் கிழவர் நாற்பது வருடமாக மாதிரி ரயில் செய்கிறவர். நான் செய்யப் போவதைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வரைபடம் எங்கே?" நான் போரைப் பற்றிச் சொன்னேன். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 யூனில் யாழ்ப்பாணம் வருவது நின்றதைச் சொன்னேன். தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் கழற்றி இரண்டு பக்கமும் பங்கர் கட்டியதைச் சொன்னேன். இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு, 2014 ஒக்ரோபர் 13 இல், இந்தியாவின் இர்கொன் நிறுவனம் போட்ட புதுப் பாதையில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ரயில் வந்ததையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனதையும் சொன்னேன். மனிதர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு திரும்பவும், "சரி, வரைபடம் எங்கே?" என்றார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று பிறகுதான் விளங்கியது. அவர்களுக்கு வரைபடம் என்பது குழாயில் வரும் தண்ணீர் மாதிரி. 1933 இல், பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில், இந்த நாட்டு அரசாங்கம் வேலை இல்லாமல் இருந்த கட்டடக் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பழைய கட்டடங்களை அளக்கவிட்டது. வீடு, தேவாலயம், களஞ்சியம், எல்லாம். 1969 இல் பாலங்கள், ஆலைகள், ரயில்வே அமைப்புகளுக்கும் அதே மாதிரி ஒரு திட்டம் தொடங்கினார்கள். அந்த அளவுப் படங்கள் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. யாரும் சும்மா இறக்கிக்கொள்ளலாம், நானும் நீங்களும்கூட. நியூயோர்க்கின் பழைய பென் ஸ்ரேசனை 1963 இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதன் கல்லும் தூணும் எங்கட நியூ ஜேர்சிச் சதுப்பு நிலத்தில்தான் கொண்டுவந்து கொட்டுப்பட்டது. ஆனாலும் அதைக் கட்டியவர்களின் வரைபடங்கள் நியூயோர்க் வரலாற்றுக் கழகத்தில் இருப்பதால், இன்றைக்கும் ஒருவர் அதை மாதிரியாகக் கட்டலாம். கட்டடம் போய்விட்டது, அளவு போகவில்லை.

எங்களுக்கு இரண்டும் போய்விட்டது. அல்லது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கிறோம்.

வரைபடம் இல்லாமல் அளவு எடுக்க வழி இல்லையா? இருக்கிறது. பழைய குடும்ப அல்பங்களில் ஸ்ரேசன் படம் கட்டாயம் ஒன்று இருக்கும். வெளிநாடு போகிற அண்ணையை வழியனுப்பிய படம், கலியாணம் முடித்து வந்த படம். அந்தப் படத்தில் தண்டவாளம் தெரிந்தால் அதுவே அடிமட்டம். இலங்கை அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1676 மில்லிமீற்றர். அது மாறாது. அங்கிருந்து மேடையின் உயரத்தைக் கணக்கிடலாம், மேடையிலிருந்து கதவுக்குப் போகலாம், கதவிலிருந்து கூரைக்கு ஏறலாம். தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும் என்பதால் அந்தச் சரிவைக் கணினியில் நிமிர்த்திவிட்டுத்தான் அளக்க வேண்டும். கூரையில் மங்களூர் ஓடு தெரிந்தால் இன்னும் வசதி. வரிசையை எண்ணினால் கூரையின் நீளம் கிட்டத்தட்டப் பிடிபடும்.

இந்த 1676 இல் இன்னொரு அதிர்ஷ்டமும் இருக்கிறது. கடைகளில் சாதாரணமாக விற்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். அது 1:87 அளவில் மேற்கத்தேயப் பாதைக்காகச் செய்தது. அந்த அளவில் எங்கட பாதைக்கு 19 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டும். ஆனால் நாங்கள் 1:100 இல் வரைந்தால் 16.76 வரும். மயிரிழை வித்தியாசம். கடைத் தண்டவாளம் அப்படியே பொருந்தும், ஒரு மீற்றர் ஒரு சென்ரிமீற்றராகும், கணக்கும் சுகம். கடையில் விற்கும் 1:87 மனிதப் பொம்மைகள் மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிடும். கட்டடக் கலைஞர்கள் பாவிக்கும் 1:100 பொம்மைகளை வாங்கினால் அதுவும் சரி.

அளவு கிடைத்த பிறகும் லேசர் ஒரு பாடம் சொல்லித்தரும். லேசர் வெட்டும்போது ஒரு மெல்லிய கோட்டளவு பலகை எரிந்து போகும். ஏறத்தாழ 0.15 மில்லிமீற்றர் என்று வையுங்கள். 1:100 இல் அது உண்மையான கட்டடத்தில் ஒன்றரைச் சென்ரிமீற்றர். அதைக் கணக்கில் சேர்க்காமல் வரைந்தால் பல்லும் குழியும் ஆடும். யன்னல் சட்டம் உண்மையில் ஒரு அங்குலம் என்றால் இங்கே கால் மில்லிமீற்றர். பலகையில் அப்படி வெட்டினால் கரியாகிவிடும், அரை மில்லிமீற்றருக்குக் குறையாமல் தடிப்பாக்கத்தான் வேண்டும். அது பொய்தான். ஆனால் உண்மை அளவு தெரிந்துகொண்டு, எவ்வளவு கூட்டினேன் என்று குறித்து வைத்துக்கொண்டு சொல்லும் பொய். தெரியாமல் சொல்வதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன்.

கணினி வரைபடத்தில் லேயர் என்று ஒன்று உண்டு. கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியது மாதிரி. என்னுடைய கோப்பில் மூன்று லேயர் வைத்திருக்கிறேன். முதலாவதின் பெயர் 'அளந்தது'. யாரோ ஒருவர் நாடா பிடித்து எடுத்த அளவு மட்டும் அதில் இருக்கும். இரண்டாவது 'கணக்கிட்டது'. படத்திலிருந்து நான் பிடித்த அளவு. மூன்றாவது 'சொன்னது'. ஆட்கள் நினைவிலிருந்து சொன்னவை.

ரொறன்ரோவில் இருக்கும் ஒரு ஊர்க்காரர், மேடைக்குப் பின்னால் பெரிய வேப்பமரம் நின்றது, அதன் நிழல் ரிக்கற் யன்னல் வரை வரும் என்றார். லண்டனில் இருப்பவர், "வேம்பு இல்லை, மலைவேம்பு. அதுவும் முன்பக்கம்" என்றார். மேடைக் கூரை தென்னை உயரம் என்று ஒருவர் சத்தியம் பண்ணினார். அவர் கடைசியாக அதைப் பார்த்தபோது அவருக்கு எட்டு வயது. எட்டு வயதுப் பிள்ளைக்கு எல்லாக் கூரையும் தென்னை உயரம்தான். நான் ஒருவரையும் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் மூன்றாவது லேயரில், யார் சொன்னது, அப்போது என்ன வயது என்று எழுதி வைத்திருக்கிறேன். நினைவுக்கும் அதில் இடம் இருக்கிறது. ஆனால் அதை முதலாவது லேயருக்கு ஏறவிடமாட்டேன்.

எங்கட வரலாற்று எழுத்தின் பெரிய வியாதி இதுதான் என்பது என் அபிப்பிராயம். நாங்கள் மூன்று லேயரையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். கண்டது, கேட்டது, ஊகித்தது, ஆசைப்பட்டது எல்லாம் ஒரே நிறத்தில் வரைந்திருக்கும். பிறகு எதிரே நிற்பவன் ஒரு சின்னப் பிழையைப் பிடித்து, "இது பொய், ஆகவே எல்லாம் பொய்" என்று சொல்லும்போது தொண்டை கிழியக் கத்துகிறோம். கத்தி என்ன பயன்? எது அளந்தது, எது சொன்னது என்று முதலே பிரித்து வைத்திருந்தால் அவனுக்கு அந்த வாசல் திறந்திருக்காது.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர் என்னோடு கோபித்துக்கொண்டார். "காணாமல் போன பிள்ளைகளைத் தேடித் தாய்மார் றோட்டில இருக்கினம். நீர் இங்கை பலகையில ஸ்ரேசன் வெட்டிக்கொண்டு இருக்கிறீர்" என்றார். கோபம் நியாயமானது. ஆனால் அந்தத் தாய்மாரையே கொஞ்சம் கவனித்துப் பார்க்கச் சொல்லி அவரைக் கேட்டேன். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தெருவோரம் குந்தியவர்கள் அவர்கள். அவர்கள் கையில் இருப்பது என்ன? பிள்ளையின் பெயர், படம், எந்தத் திகதி, எந்த இடம், யாரிடம் கையளித்தது. அவர்கள் யாழ்தேவிக் கதை சொல்லவில்லை. முதலாவது லேயரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள், அதனால்தான் அவர்களை ஒருவராலும் லேசில் தள்ளிவிட முடியவில்லை. அளந்து வைக்க வேண்டும் என்பதை நான் அவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன்.

அளக்கத் தொடங்கினால் இன்னொரு சங்கடமும் வரும். எந்த வருடத்து ஸ்ரேசனைக் கட்டுவது? கணினிக் கோப்பு "எப்போதோ, நல்லாக இருந்த காலம்" என்ற பதிலை ஏற்காது. கூரை இருந்ததா இல்லையா, சொல்லித்தான் ஆக வேண்டும். 1980 ஐ எடுத்தால், ஸ்ரேசனைச் சுற்றி முஸ்லிம் வியாபாரிகளும் சிங்கள ஊழியர்களும் இருந்த யாழ்ப்பாணத்தைக் கட்ட வேண்டும். 1990 ஒக்ரோபரில் முஸ்லிம் சனத்தைப் புலிகள் சில மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றியதை மறைத்துக்கொண்டு அந்தக் கடைகளை மட்டும் வடிவாக வெட்டி ஒட்ட என்னால் ஏலாது. 1995 என்றால் கூரை இல்லாத சுவர். 2010 என்றால், யாழ்ப்பாண நகரத்துப் பெரிய ஸ்ரேசனின் இடிபாட்டுக்குள், முந்தி தாங்களும் இங்கே இருந்தவர்கள் என்று சொல்லி வந்த சிங்களக் குடும்பங்கள் தங்கியிருந்தன. அதுவும் அந்தக் கட்டடத்தின் கதைதான். நான் 1980 ஐ எடுத்திருக்கிறேன், கடைகளையும் ஆட்களையும் சேர்த்து. வேறொருவர் வேறு வருடத்தை எடுக்கட்டும். ஆனால் வருடத்தைச் சொல்லட்டும்.

பெயர்ப் பலகையையும் விட ஏலாது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழி. வரைபட மென்பொருளின் பழைய கோட்டு எழுத்துருக்களில் தமிழை ஒட்டினால் கேள்விக்குறியும் பெட்டியும் வரும், வேறு சிலவற்றில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். நாங்கள் கைவிட்ட பழைய பாமினி எழுத்துரு அதற்குள் ஒழுங்காக வேலை செய்கிறது, நம்புங்கள்! இல்லாவிட்டால் இங்க்ஸ்கேப்பில் யுனிகோட்டில் எழுதி, வெறும் கோடுகளாக மாற்றிக் கொண்டுவர வேண்டும். எழுத்தை ஓட்டையாக வெட்டவும் கூடாது. சுழியின் உள்வட்டம் கழன்று விழுந்துவிடும், செதுக்கத்தான் வேண்டும். இரண்டு மில்லிமீற்றர் உயரத்தில் தமிழை வாசிக்கக்கூடியதாக வைப்பதற்கு எனக்கு மூன்று கிழமை போனது. அந்தப் பலகை இல்லாமல் அது எங்கட ஸ்ரேசன் இல்லை.

இதெல்லாம் பொம்மைக் கட்டடத்துக்கான மினக்கேடு என்று நினைப்பவர்களுக்கு வார்சோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போலந்தின் தலைநகரத்தை ஜேர்மன் படைகள் தெருத்தெருவாக இடித்தன. ஆனால் அங்கத்தைய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக் கட்டடக்கலை ஆசிரியர்களும் மாணவர்களும் பழைய கட்டடங்களை அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். போர் நடக்கும்போதே அந்தப் படங்களை வெளியூர் மடம் ஒன்றில் ஒளித்துக் காப்பாற்றினார்கள். போருக்குப் பிறகு அவற்றையும் பழைய ஓவியங்களையும் வைத்துத்தான் பழைய நகரத்தைத் திரும்பக் கட்டினார்கள். 1980 இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. படித்துக்கொண்டிருந்த பெடியளும் பெட்டையளும் நாடா பிடித்து எடுத்த அளவு அது.

எங்களிடம் பெடியளும் பெட்டையளும் இல்லையா? ஒவ்வொரு ஓகஸ்டும் விமானம் நிறைய ஊருக்குப் போகிறோம். நல்லூர்த் திருவிழா, கீரிமலை, கசூரினாக் கடற்கரை, ஆயிரக்கணக்கில் படம். தென்னிந்தியச் சிற்பிகளைக் கூப்பிட்டுக் கோபுரம் எழுப்பக் காசு அனுப்புகிறோம். அதே கோயிலின் பழைய மண்டபத்தை இடிக்கும் முன் ஒரு நாள் நாடா பிடித்து அளந்தோமா? ஓடு வேய்ந்த நாற்சார் வீட்டை விற்று மாடி கட்டும் முன் ஒரு கோடு வரைந்து வைத்தோமா? ஷெல் அடித்துப் போனதைப் பற்றி எழுதுகிறோம். எங்கட கையாலேயே இடித்துப் போவதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. இரண்டாவதையாவது அளந்து வைக்க எங்களால் முடியும், யாரும் தடுக்கவில்லை.

ஆகவே இந்த முறை ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நாடா கொண்டுபோங்கோ. லேசர் தூரமானி இருந்தால் இன்னும் நல்லது, சட்டைப் பையில் அடங்கும். ஸ்ரேசன் என்றால் நிலைய அதிபரிடம் கேட்டுவிட்டு அளவுங்கோ, படைமுகாம் பக்கம் போகாதேங்கோ. பழைய சுவர் ஒரு துண்டு மிஞ்சியிருந்தாலும் போதும். நீளம், உயரம், சுவரின் தடிப்பு. ஒரு கதவு, ஒரு யன்னல். மூலைக்கு மூலை குறுக்களவு ஒன்று, அது இல்லாவிட்டால் அறை சதுரமா கோணலா என்று தெரியாது. செங்கல்லின் நீளம் ஒன்று. படம் எடுக்கும்போது நேரே முன்னால் நின்று எடுங்கோ, சுவரோடு ஒரு அடிமட்டம் சாத்தி வையுங்கோ. ஒரு கொப்பித் தாளில் திகதியும் பெயரும் போட்டு எழுதி வையுங்கோ. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. ஐபாட்டில் தலையை ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை நாடாவின் மற்ற முனையைப் பிடிக்கட்டும். "இது அப்பா படிச்ச பள்ளிக்கூடம்" என்று நூறு தரம் சொல்வதைவிட அது அந்தப் பிள்ளையின் கையில் ஒட்டும்.

வரைவதற்கு ஆள் இல்லை என்று சொல்லாதேங்கோ. நியூ ஜேர்சி, கலிபோர்னியா, ரெக்ஸாஸ் என்று எங்கு பார்த்தாலும் எங்கட பிள்ளைகள் பொறியியல் படித்துவிட்டு யாருக்கோ எதையோ வரைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் போதும்.

என்னுடைய கோப்பில் முதலாவது லேயரில் இன்றைக்கு வரைக்கும் பதினொரு அளவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்பதை, போன வருடம் ஊருக்குப் போன ஒரு பதின்மூன்று வயதுப் பெட்டை எடுத்து அனுப்பினாள். கொப்பித் தாளில், தன்ர பெயரும் திகதியும் போட்டு.